கிஹிம் கரைத் தூக்கணாங்குருவிகள்

மும்பையில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ஓய்வு நாளன்று. மற்ற ஆறு நாட்களின் கடன்களைத் தீர்க்கும் நாள். காய்கறி வாங்குவதும், மாவு அரைத்து வைப்பதும், மாட்டுங்காவிலே கோயிலுக்குப் போய்வருவதும், உறவினர் ஒருவரையேனும் எட்டிப் பார்ப்பதுமாக அந்த நாள் கழிந்துவிடும். அத்தகைய நாள் ஒன்றைத் திருடிக்கொண்டு, கடலுக்கு அப்பாலுள்ள சிற்றூருக்குக் குருவிக்கூடு பார்க்கப் போனோம் என்று சொன்னால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்தாலும் சரியே; போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் இல்லத்தில் சில திங்களாக ஒரு வழக்கு நடந்துவந்தது. வாதி, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த பாட்டி. பிரதிவாதிகள் நாங்கள் இருவர். வழக்குக்கு உரிய பொருள், ஒன்பது வயது நிரம்பிய எங்கள் மகன். பிள்ளைக்குத் தமிழ் புரியும். ‘சோறு போடட்டுமா?’ என்று தமிழில் கேட்டால் ‘போடுங்கள்’ என்று இந்தியிலே விடை சொல்வான். பாட்டிக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே இருவரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தும், தலையை அசைத்தும் கையைக் காட்டியுமே பேசிக்கொண்டார்கள். நம் சங்கத்தார் நடத்தும் ஞாயிறு வகுப்புக்கு அவனை அனுப்பினோம். நான்கு வாரம் போனான். ஐந்தாம் வாரம் வயிற்றுவலி வந்தது. ஆறாம் வாரமும் தவறாமல் வந்தது.

பிள்ளையை நாங்கள் கடிந்துகொண்டபோது பாட்டி குறுக்கே வந்தார். “தூக்கணாங்குருவிக்கு எந்த வாத்தியாரடா பாடம் நடத்தினார்? அதது இரத்தத்தோடு வருகிறது. தாய்மொழியும் அப்படித்தான். வேளை வந்தால் தானே வரும், குழந்தையைப் படுத்தாதீர்கள்!” என்றார். உண்மையைச் சொன்னால், அந்த வாதம் எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. வகுப்புக்கு அழைத்துப் போவதென்றால் ஞாயிறு காலையில் இரண்டு இரயில் மாறவேண்டும். பாட்டி வாயால் தீர்ப்புக் கிடைத்துவிட்டபடியால் பேசாதிருந்துவிட்டோம்.

பையன்தான் விடவில்லை. தூக்கணாங்குருவி என்றால் என்ன என்று கேட்டான். படம் ஒன்றைத் தேடிக் காட்டினோம். கண்ட மாத்திரத்தில், “ஓ, சுகரண்!” என்று கூவினான். மராத்தியர் அந்தப் பறவையைச் சுகரண் என்று அழைக்கிறார்கள். சமையலிலும் இல்லப் பணியிலும் கைதேர்ந்த பெண்ணுக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. பஹிணாபாய் சௌதரி என்ற கான்தேசத்துப் பெண்மணி, எழுதப் படிக்க அறியாதவர், உழவுக்கும் திரிகைக்கும் இடையே வாய்மொழியாகவே பாடல்கள் புனைந்தவர். 1951-இல் அவர் மறைந்தார். சுகரண் கட்டிய கூட்டைப் பற்றிய அவருடைய பாடலை அறியாத மராத்திக் குழந்தை இல்லையென்றே சொல்லலாம். எங்கள் மகனும் அறிந்திருந்தான். தன் பாட்டியின் குருவியை அவன் அயல்மொழி வாயிலாக அறிந்திருந்தது எங்களுக்குச் சற்றே உறுத்தியது என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

குருவியை நேரிலே காட்டிவிடுவோம் என்று தீர்மானித்தோம். எங்கே போவது என்ற வினாவுக்கு விடை எளிதாகவே கிடைத்தது. இந்தப் பறவையின் இல்லற இரகசியத்தை உலகம் முதன்முதலாகத் தெளிவுற அறிந்துகொண்ட இடம், மும்பைத் துறைமுகத்துக்கு நேர் எதிர்க்கரையில் அலிபாக் நகருக்கு வடக்கே உள்ள கிஹிம் என்னும் கடற்கரை ஊர்.

ஆவணி மாதக் கடைசி ஞாயிறு, விடியற்காலையிலேயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, இந்தியாவின் நுழைவாயில் எனப்படும் கேட்வேத் துறைக்குச் சென்றோம். மழைக்காலத்தில் அங்கிருந்து மாண்ட்வாவுக்குச் செல்லும் படகுகள் ஓடுவதில்லை. கடல் சற்று அடங்கிய பின்னரே மறுபடியும் புறப்படுகின்றன. வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் ஒன்று 2020 முதல் பாவுச்சா தக்கா என்னும் துறையிலிருந்து ஓடுகிறது. ஆயினும் பாட்டி சிறிய படகையே விரும்பினார். காவிரியில் பரிசலேறியவருக்கு எந்தக் கடலும் பெரிதில்லை போலும். எங்களுக்குத்தான் வயிறு கலங்கியது.

படகிலே ஒரு மணி நேரம். தாஜ் விடுதியின் கோபுரம் சிறுத்துக்கொண்டே போயிற்று. பையனுக்குச் சலீம் அலியின் கதையைச் சொன்னோம். 1896-இல் பிறந்த அவர் சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்திலே மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கதவைத் தட்டினார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்ற ஆங்கிலேயர் பையனைத் துரத்தாமல், அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்திய பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் 1987-இல் அவர் கண்மூடும் வரையில் தணியவில்லை.

அவருடைய வாழ்விலும் ஓர் இருண்ட காலம் உண்டு. பெர்லின் நகரில் பறவையியல் பயின்று 1930-இல் தாயகம் திரும்பியபோது, அவர் வகித்துவந்த வேலை பணமில்லை என்ற காரணத்தால் நீக்கப்பட்டிருந்தது. படிப்பு இருந்தது, பிழைப்பு இல்லை. மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் கரையிலிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வீட்டுக்கு அருகிலேயே தூக்கணாங்குருவிக் கூட்டம் ஒன்று மழைக்காலக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வேலையற்ற அந்த மாதங்களில் மறைந்திருந்து நாள்தோறும் அதையே பார்த்துக் குறித்துவந்தார். அக்குறிப்புகள் மறு ஆண்டு கழகத்தின் இதழிலே கட்டுரையாக வெளிவந்து அவருக்குப் பெயர் தேடித் தந்தன.

மாண்ட்வாவில் இறங்கிப் பேருந்தில் சோண்டி வரை சென்று, அங்கிருந்து ஆட்டோ பிடித்துக் கிஹிம் அடைந்தோம். வழியெல்லாம் தென்னையும் கமுகும் மாவும். நடுநடுவே செல்வர்களின் புது மாளிகைகள், உயர்ந்த மதில்கள். மதிலுக்கு மதில் இடையே எஞ்சிய கழனிகளில் நெல் கதிர் வாங்கியிருந்தது. பாட்டி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி நெல்லைப் பார்த்தபடியே வந்தார். ஒன்றும் பேசவில்லை.

உணவு விடுதி ஒன்றின் திண்ணையில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். அங்கேதான் முதற்பாடம் எதிர்பாராமல் கிடைத்தது. சாளரத்துச் சட்டத்தின் மூலையில் ஒரு குளவி மண்ணுருண்டை கொண்டுவந்து அப்பிக்கொண்டிருந்தது. சிறு குடம் போன்ற வடிவம், கழுத்தும் விளிம்பும் குயவன் வனைந்தாற்போல. பையன் ‘இதோ!’ என்று கத்த, பாட்டி உடனே தம் கதையைத் தொடங்கிவிட்டார். குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டி, தன்னையே நினைக்கச் செய்து, கடைசியில் அதையும் குளவியாக்கிவிடும் என்பது நம் நாட்டுப் பழைய நம்பிக்கை. குருவுக்கும் சீடனுக்கும் அதை உவமை சொல்வார்கள். கற்பித்தலின் ஆற்றலுக்கு இதைவிட அழகிய உவமை கிடைப்பதரிது.

ஆனால் நடப்பது வேறு. தாய்க்குளவி மண்குடத்தினுள் ஒரு முட்டையை இழையிலே தொங்கவிடுகிறது. பிறகு பச்சைப் புழுக்களைக் கொட்டிச் செயலற்றுப்போகச் செய்து உள்ளே அடுக்குகிறது. அவை சாவதில்லை, அழுகுவதுமில்லை. வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் பறந்துபோகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அவ்வுணவைத் தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளிவருகிறது. புழு குளவியாவதில்லை; குளவிக்குப் புழு சோறாகிறது. கவனிக்கத்தக்கது என்னவென்றால், அந்தக் குளவி தன் தாயைக் கண்டதேயில்லை. எனினும் தன் காலம் வந்ததும் அதே மண்குடத்தை, அதே கழுத்தோடும் விளிம்போடும் வனைகிறது. சீடனே இல்லாத குரு, குருவே இல்லாத சீடன்! இயல்பூக்கம் என்று அறிஞர் கூறுவது இதனைத்தான்.

பாட்டி வெற்றி பெற்றவராய், “நான் சொன்னேன் அல்லவா?” என்றார். அது வரையில் வழக்கு அவர் பக்கமே இருந்தது.

இந்த இயல்பூக்கத்துக்கு எல்லை உண்டா என்று ஆராய்ந்தவர் பிரெஞ்சு நாட்டு ஃபாபர். பூச்சிகளைக் கண்டு எழுதுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். சிள்வண்டை இழுத்துவரும் குளவி ஒன்று, அதை வளையின் வாயிலில் வைத்துவிட்டு, உள்ளே ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு வந்த பின்னரே இழுத்துச் செல்வதைக் கண்டார். அது உள்ளே போன சமயத்தில் சிள்வண்டைச் சற்றுத் தள்ளி வைத்தார். வெளியே வந்த குளவி அதை மறுபடியும் வாயிலுக்கு இழுத்துவந்து, வைத்துவிட்டு, மறுபடியும் உள்ளே பார்க்கப் போயிற்று. சுமார் நாற்பது முறை அவர் தள்ளினார், நாற்பது முறையும் அது பார்க்கப் போயிற்று. இந்தக் கதையோடு பலர் நிறுத்திக்கொண்டு, பூச்சி ஒரு பொறியே என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஃபாபரோ, வேறோரிடத்தில் வாழ்ந்த அதே இனக் குளவிகள் இரண்டு மூன்று முறை ஏமாந்ததும் பார்க்கப் போவதை விட்டு நேரே இழுத்துச் சென்றன என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பொறிக்குள்ளும் ஏதோ ஒரு சிறு விழிப்பு இருக்கிறது.

உண்டு முடித்துக் கழனிப் பக்கம் நடந்தோம். ஊருக்கு வெளியே பழைய கிணறு ஒன்று. அதன்மேல் சாய்ந்தாற்போல் ஓர் ஈச்ச மரம். அதன் ஓலை நுனிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கூடுகள் சுரைக்குடுவைகள் போலத் தொங்கிக் காற்றில் ஆடின. புதியவை பச்சை, பழையவை வைக்கோல் நிறம். ஏறக்குறைய எல்லாக் கூடுகளும் மரத்தின் கிழக்குப் பக்கத்திலேயே இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று அடித்து வீசும் கரையில், மரமே அவற்றுக்கு மதிலாக நிற்கிறது. கீழே கிணற்று நீர், மேலே முள்போன்ற ஓலை. பாம்போ அணிலோ எளிதில் எட்ட முடியாது. நாங்கள் நின்ற வரப்பு வரையில் அவற்றின் கிச்சொலி கேட்டது. மஞ்சள் முடி தரித்த ஆண்பறவைகள் கூட்டின் அடியில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு சிறகடித்துப் பாடின.

கிணற்றடியில் புல் அறுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அரிவாளை வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். மராத்தி தவிர வேறு பேசுவாரில்லை. எங்களுக்கோ கடைவீதி மராத்திதான் வரும். குருவியைப் பற்றிப் பேசும் அளவுக்கு வராது. பாட்டிக்கு அதுவும் இல்லை. அவர் மரத்தைக் காட்டி ஏதோ விரிவாகச் சொல்லவும், பாட்டி பையனின் தோளைத் தட்டி, “என்னடா கண்ணா சொல்கிறார்?” என்றார். பையன் எங்களைப் பார்த்தான். நாங்கள் வேண்டுமென்றே தென்னை மரத்தைப் பார்த்தோம். வேறு வழியின்றி அவன் வாயைத் திறந்தான்.

“இவர் என்ன சொல்றார்னா, பாட்டி... கட்டறது அம்மா இல்லையாம். அப்பாவாம்!”

பெயர் என்னவோ கைதேர்ந்த பெண்ணுக்குரிய பெயர். பாட்டும் தாய்ப்பறவை தன் குஞ்சுக்காகக் கட்டியதாகவே பாடுகிறது. ஆனால் கூட்டைக் கட்டுவது ஆண்தான். நெற்பயிரின் இலையிலோ ஈச்ச ஓலையிலோ ஓரத்தில் அலகால் வெட்டிப் பிடித்துக்கொண்டு பறந்தால் நீண்ட நார் ஒன்று கிழிந்து வருகிறது. அதை ஓலை நுனியில் சுற்றி, முடிந்து, வளையமாக்கி, வளையத்தின் மீது நின்றுகொண்டே தன் உடம்பு எட்டும் தூரத்துக்கு முன்னும் பின்னும் பின்னிக்கொண்டு போகிறது. ஒரு கூட்டுக்கு 500 தடவை வரையில் நார் கொண்டுவருவதுண்டு. எட்டு நாளளவில் கூடு தலைச்சீரா போன்ற நிலையை அடைகிறது. அங்கே வேலை நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்பதைத்தான் சலீம் அலி கிஹிமிலே கண்டுபிடித்தார். அரைகுறைக் கூடுகளில் தொங்கிக்கொண்டு ஆண்கள் சிறகடித்து அழைக்க, பெண்கள் கூட்டமாக வந்து, உள்ளே புகுந்து, அலகால் இழுத்துப் பார்த்து, வீட்டுக்குக் குடிவருவோர் சுவரைத் தட்டிப் பார்ப்பது போலச் சோதிக்கின்றன. பிடித்தால் ஒருத்தி தங்கிவிடுகிறாள். அதன்பின் ஆண் முட்டையறையை மூடி, நீண்ட குழல் வாயிலைக் கட்டி முடிக்கிறது. கட்டி முடித்தவுடன் அடுத்த ஓலையில் இன்னொரு கூடு தொடங்கி வேறொருத்தியை அழைக்கிறது. அடைகாப்பதும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதும் பெரும்பாலும் பெண்ணின் பாடு. ஒருவராலும் விரும்பப்படாத கூடு தலைச்சீராவாகவே நின்று காய்ந்துபோகிறது. இந்தக் குடித்தன முறையைப் பையன் மொழிபெயர்க்கையில் முதியவர் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. “நன்றாயிருக்கிறது நியாயம்!” என்றார்.

பெண்பறவை பின்னலின் நேர்த்தியைப் பார்த்தா தேர்ந்தெடுக்கிறது? பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பார்த்த வரையில், பின்னலைவிடக் கூடு அமைந்த இடமே அதற்கு முக்கியமாகத் தோன்றுகிறது. மும்பையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இனி எங்கள் வழக்குக்கு வருவோம். ஒரு கிளையில், மற்றவற்றினின்றும் விலகி, மேற்குப் பக்கமாகப் பார்த்து, இரண்டு கூடுகள் கந்தலாகத் தொங்கின. ஒன்று வெறும் முடிச்சுக் குவியல். மற்றொன்று வளையம் போடத் தொடங்கி, வளையம் கூடாமல், நார்கள் தாடி போல் தொங்கிய கோலம். “அது யார் கட்டியது?” என்று பையன் கேட்டான். முதியவர் சொன்ன விடையை அவன் பாட்டிக்குச் சொன்னபோது ஒரு சொல் கிடைக்காமல் திண்டாடினான். “அது... சின்னப் பசங்க... புதுசா... சீக் ரஹே ஹைன்... பாட்டி, அதுக்குத் தமிழ்ல என்ன?”

“கற்றுக்கொள்கிறதா?” என்றார் பாட்டி.

“ஆமாம், கத்துக்கறதுங்க!”

பாட்டி சிறிது நேரம் அந்தக் கந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதற்குமா பழக்கம் வேண்டியிருக்கிறது?” என்று மெல்லக் கேட்டார்.

வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் வாழும் நெசவுக்குருவி, நம் தூக்கணாங்குருவிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கோலியாஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் அதன் ஆண்குஞ்சுகள் சிலவற்றைப் பச்சை நாரே கிடைக்காத கூண்டில் வளர்த்தனர். பருவம் வந்த பின் நார் கொடுத்தபோது அவை அலகில் பிடித்தன, ஓலையில் சுற்ற முயன்றன, ஆனால் பின்ன முடியாமல் தவித்தன. சிறு வயது முதலே நாரோடு விளையாடி வளர்ந்தவை நன்றாகப் பின்னின. நாரைத் தேடும் வேட்கை பிறவியோடு வந்தது. நாரை வசப்படுத்தும் கை, அல்லது அலகு, பழக்கத்தால் வந்தது. பிரித்தானிய ஆராய்ச்சியாளர்கள் போட்ஸ்வானாவில் வேறொரு நெசவுக்குருவி இனத்தைப் படம் பிடித்து 2011-இல் வெளியிட்ட முடிவும் இதற்கு ஒத்தது. ஒரே பறவை ஒரு கூட்டை இடமிருந்து வலமாகவும், அடுத்ததை வலமிருந்து இடமாகவும் கட்டியது. கூடுகளின் எண்ணிக்கை ஏற ஏற, கீழே தவறவிடும் புல்லின் எண்ணிக்கை குறைந்தது. ஒரே அச்சில் வார்க்கும் பொறியாயின் இப்படி நேராது.

பாட்டுக்கும் இதே கதைதான். காகத்தின் கூட்டில் வளர்ந்த குயில், வளர்த்தவளின் மொழியைக் கற்பதில்லை. வளர்ந்தபின் குயிலாகவே கூவுகிறது. ஆடி மாதத்தில் எங்கள் குடியிருப்பு வேப்பமரத்திலேயே காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பாட்டி காட்டி, அதையும் தம் கட்சிக்குச் சான்றாக வைத்திருந்தார். ஆனால் எல்லாப் பறவையும் குயிலன்று. இங்கிலாந்தில் தார்ப் என்ற அறிஞர் 1950-களில் சாஃபிஞ்ச் என்னும் சிறு பறவையின் குஞ்சுகளைத் தன் இனத்தின் பாட்டைக் கேட்கவொட்டாமல் தனியே வளர்த்தார். அவை ஊமையாகிவிடவில்லை, பாடின. ஏறத்தாழ உரிய நீளத்துக்கே பாடின. ஆனால் அந்தப் பாட்டிலே உருவமும் முடிப்பும் இல்லை. குஞ்சுப் பருவத்தில் மூத்தவற்றின் பாட்டைக் கேட்டவையே முழுப்பாட்டைப் பாடின. கேட்கவேண்டிய பருவம் கடந்துவிட்டால் பிறகு கேட்பித்தும் பயன் சிறிதே. இதை நாங்கள் வரப்பில் நின்று பாட்டிக்குச் சொல்லவில்லை. எங்களுக்குள்ளேயே நினைத்துக்கொண்டோம். ஒன்பது வயது என்பது எந்தப் பருவம்?

பாட்டிக்கு இன்னொரு கதையும் நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்த குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொல்லி, குரங்கு சினந்து கூட்டைப் பிய்த்தெறிந்த கதை நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்தது. அறிவிலிக்கு அறிவுரை சொல்லாதே என்பது அதன் கருத்து. குரங்கின் தரப்பிலும் ஒரு சொல் சொல்லவேண்டும் என்று எங்களுக்கு நெடுநாள் ஆசை. குருவிக்குத் தெரிந்த தொழில் ஒன்று. அதை அது அழகாகச் செய்கிறது. குரங்குக்கு வீடில்லை, ஆனால் நேற்று எவரும் செய்யாததை இன்று செய்யக் கற்கிறது. ஜப்பானில் கோஷிமா என்னும் தீவில் ஆராய்ச்சியாளர்கள் கடற்கரையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுவந்தனர். 1953-இல் இமோ என்று அவர்கள் பெயரிட்ட ஒன்றரை வயதுப் பெண்குட்டி, மணல் ஒட்டிய கிழங்கை நீரில் கழுவித் தின்றது. அதற்கு முன் அந்தக் கூட்டத்தில் எதுவும் அப்படிச் செய்ததில்லை. முதலில் விளையாட்டுத் தோழர்கள் கற்றன. பிறகு இமோவின் தாய் கற்றது. பத்தாண்டுக்குள் கூட்டத்தில் பெரும்பாலானவை கழுவித் தின்றன. வயது முதிர்ந்த ஆண்கள் மட்டும் பெரும்பாலும் மணலோடே தின்றுகொண்டிருந்தன.

இந்தக் கதை பாட்டிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. “பெண் சொல்லித் தாய் கற்றதாமா? கிழவர்கள் மாட்டேன் என்றார்களாமா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, காலஞ்சென்ற தாத்தாவை நினைத்தோ என்னவோ, நெடுநேரம் சிரித்தார். பிறகு பையனிடம் திரும்பி, “அந்தப் பெரியவரை நான் தண்ணீர் கேட்கிறேன். எப்படிக் கேட்பது, சொல்” என்றார். பையன் சொல்லிக் கொடுத்தான். பாட்டி கேட்டார். உச்சரிப்பு எப்படியிருந்ததோ, முதியவர் செம்பைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மும்பைக்கு வந்து ஐந்து மாதத்தில் பாட்டி பேசிய முதல் மராத்தி வாக்கியம் அதுவே.

தூக்கணாங்குருவிக்கு மனிதன் கற்பித்ததும் உண்டு. அக்பர் காலம் முதலே வட இந்தியத் தெருவித்தைக்காரர்கள் அதைப் பழக்கி, காசைக் கவ்விவரவும், நூலிலே மணி கோக்கவும் செய்திருக்கிறார்கள். கிணற்றில் போட்ட மோதிரம் நீரைத் தொடுமுன் பாய்ந்து பற்றிக் கொணரும் என்றும் சொல்வார்கள். மணி கோத்ததில் வியப்பில்லை. நார் பின்னும் அலகுக்கு நூலும் நாரே. பிறவியில் வந்த தொழிலின் மேல் புதுத்தொழில் ஏறி அமர்ந்துகொள்கிறது. காட்டுப் பறவையைப் பிடித்துக் கூண்டிலிடுவது இன்று நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். அவ்வித்தை மறைந்ததில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

மாலைப் படகுக்கு நேரமாயிற்று. புறப்படுமுன் முதியவர், காற்றில் அறுந்து விழுந்த கூடு ஒன்றைத் தேடி எடுத்துப் பையனிடம் தந்தார். வெற்றுக்கூடுதான், குஞ்சுகள் பறந்துபோயிருந்தன. உள்ளே சுவரில் களிமண் உருண்டை ஒட்டியிருந்தது. இரவு விளக்குக்காக அதில் மின்மினியைப் பதித்து வைக்கும் என்று பாட்டி சொன்னார். அதையே முதியவரும் மராத்தியில் சொன்னதாகப் பையன் வியந்து கூறினான். காவிரிக்கரையும் கொங்கணக்கரையும் ஒரே கதையைச் சொல்கின்றன. மின்மினியை எவரும் கண்டதாக நாங்கள் படித்ததில்லை. காற்றில் கூடு அலைக்கழியாதிருக்க மண் பாரமாக உதவலாம் என்று கருதுவோர் உண்டு. அந்த நேரத்தில் இருவரையும் மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

படகுத்துறையில் காத்திருக்கையில் பாட்டி கீழே கிடந்த தென்னங்கீற்று ஒன்றை எடுத்தார். ஈர்க்கை நீக்கி, ஓலையை இரண்டாகக் கிழித்து, மடித்து, நுழைத்து, இழுத்தார். பேசிக்கொண்டே, விரலைப் பாராமலே செய்தார். ஐந்து நிமிடத்தில் ஓலைக்கிளி ஒன்று அவர் கையில் இருந்தது. நாங்கள் அதைப் பார்த்து நாற்பது ஆண்டு ஆகியிருக்கும். சிறு வயதில் எங்களுக்கும் செய்து கொடுத்தவர்தாம். அன்று கற்றுக்கொள்ளத் தோன்றவில்லை. இப்போது ஓர் ஓலையை எடுத்து முயன்றோம். அந்தக் கிணற்று மரத்தின் மேற்குப்புறக் கந்தலைப் போல அது தொங்கியது.

பையன் கிளியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யார் சொல்லிக் கொடுத்தாங்க பாட்டி?” என்றான்.

“என் அத்தை.”

“அவங்களுக்கு?”

“அவர் அத்தையோ, யாரோ. எனக்கென்ன தெரியும்!” என்றார் பாட்டி.

மடிப்பதற்கும் நுழைப்பதற்கும் முடிவதற்கும் தமிழில் என்னென்ன சொல் என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். பாட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் ஒன்றிரண்டைத் தவறவிட்டான், மறுபடி கேட்டான். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று நாங்கள் எங்களுக்குள் கணக்குப் போட்டோம்.

படகு புறப்பட்டபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன. பாட்டி குருவிக்கூட்டை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். பையன், எப்படிச் செய்தது என்று பார்ப்பதற்காகக் கிளியை மெல்ல அவிழ்த்தான். அவிழ்ப்பது எளிதாயிருந்தது. திரும்பப் பின்னப் போனபோது வால் தலையாயிற்று. எழுப்பிக் கேட்கலாமா என்பது போலப் பாட்டியைப் பார்த்தான். பிறகு ஓலையை நீவி நேராக்கி, இம்முறை வலப்பக்கத்திலிருந்து தொடங்கினான்.